மிளகுக்கு ஒரு பிறப்புச் சான்று

பிறப்பிடச் சான்றுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். விதிகளை நான் எழுதப் போவதில்லை. அவை உங்கள் மேசையில் கனமான புத்தகமாக இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரித்தால் நல்ல தூக்கம் வரும். நான் எழுதப் போவது, போட்டிருக்கக் கூடாத ஒரு கையெழுத்தைப் பற்றியும், ஒரு வருடம் கழித்துப் போட மறுத்த இன்னொரு கையெழுத்தைப் பற்றியும்தான். இரண்டும் ஏற்காட்டில், ஒரே எஸ்டேட்டில், ஒரே மேசையில் நடந்தவை.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சேலம் அலுவலகத்தில் பெண் அதிகாரி நான் ஒருத்திதான். சேர்வராயன் மலைக்குப் பரிசோதனைக்குப் போவதென்றால் மற்றவர்களுக்கு ஆகாது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்குக் குமட்டும். எனக்குக் குமட்டாது என்று ஒரு தடவை தெரியாமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நம் பக்கத்து நாடுகளோடு ஒரு சலுகை வரி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. விஷயம் எளியது. நம் ஊரில் விளைந்த பொருளுக்கு அவர்கள் இறக்குமதி வரியைக் குறைப்பார்கள்; அவர்கள் பொருளுக்கு நாம் குறைப்போம். ஆனால் வேறெங்கோ வாங்கிய சரக்கை நம் சரக்கு என்று சொல்லி யாரும் அந்தச் சலுகைக்குள் நுழைந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் பிறப்பிடச் சான்று. இந்த மிளகு இந்த மலையில்தான் காய்த்தது, இங்கேதான் பறித்து உலர்த்தினார்கள் என்று ஓர் அதிகாரி நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். மலையைப் பொறுத்தவரை அந்த அதிகாரி நான்.

அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்பவர்களின் உரிமை பற்றி அதில் எங்கும் நான் படித்த நினைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது சில ஒப்பந்தங்களில் அதற்கென்று தனி அத்தியாயமே சேர்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அத்தியாயம் இருந்தால்தான் கேட்க முடியும் என்று நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

முதல் வருடம் நான் போன எஸ்டேட் மஞ்சக்குட்டைப் பக்கம் இருந்தது. ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, காதர் பாயின் ஜீப்பில் ஏறினேன். பாய்க்கு ஏற்காட்டில் மளிகைக் கடை. மலை மிளகை வாங்கிச் சேலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், ஒப்பந்தம் வந்ததும் துணிந்து வெளிநாட்டுக்கே அனுப்பக் கிளம்பினார். வாய் ஓயாத மனிதர். ஜீப் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும், "ஒப்பந்தம் வந்துருச்சுங்கம்மா, ரோடுதான் இன்னும் வரல" என்பார்.

எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். தினமும் வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் குறிக்கும் பதிவேட்டுக்குத் தோட்டத்தில் செக்ரோல் என்று பெயர். அதை எழுதுவதிலிருந்து தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளை ஒதுக்குவது வரை எல்லாம் ரைட்டர்தான். இருபது வருடமாக அதே நாற்காலி, அதே பச்சை ஸ்வெட்டர். பொய் சொல்லத் தெரியாதவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கொடிகளைப் பார்த்தேன், களத்தைப் பார்த்தேன், மூட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. சான்றோடு எங்கள் அலுவலகம் ஓர் இணைப்புத் தாளும் வைப்பது வழக்கம். இவ்வளவு சரக்கும் இந்தத் தோட்டத்தில்தான் விளைந்தது என்று அடுத்தவர் நம்ப வேண்டுமானால், அதைப் பறித்துப் பக்குவம் செய்ய ஆள் இருந்ததாகக் காட்ட வேண்டும் அல்லவா? அதற்காக இரண்டு கட்டங்கள். ஆண் தொழிலாளர் எத்தனை, பெண் தொழிலாளர் எத்தனை. ரைட்டர் செக்ரோலைப் பிரித்து ஆண்கள் பதினான்கு என்றார்.

"பெண்கள்?"

"பொம்பளைங்க இல்லீங்க மேடம்."

சன்னலுக்கு வெளியே களத்தில் பெண்கள் வரிசையாக நின்று மிளகுக் கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவால் அவர்களைக் காட்டினேன்.

"அவங்க ஒத்தாசைக்கு வந்தவங்கங்க. ஊட்டுக்காரருக்கு ஒத்தாசை பண்றாங்க. அவங்க பேரு செக்ரோல்ல வராதுங்க."

அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். ஆண் மூங்கில் ஏணி போட்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறி, அதில் படர்ந்த கொடியிலிருந்து மிளகைப் பறிப்பார். கீழே விழுந்ததைப் பொறுக்குவது, சுமப்பது, மிதிப்பது, காயப்போடுவது, தூற்றுவது எல்லாம் மனைவி. அவள் வேலையும் சேர்ந்து அவர் பெயரில் ஏறும். அதற்குத்தான் ஒத்தாசை என்று பெயர். காதுக்கு எவ்வளவு இதமான சொல் பாருங்கள். ஒத்தாசை செய்பவளுக்கு நன்றி சொன்னால் போதும், அவள் பெயரை எழுத வேண்டியதில்லை. டீ வந்தது. குடித்துக்கொண்டே 'பெண்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் இரண்டு பிரசவத்துக்கும் சம்பளத்தோடு விடுப்பு எடுத்தவள் நான். திரும்பி வந்தபோது என் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது. அப்படிப்பட்டவள்தான் கொஞ்சமும் தயங்காமல் அதை எழுதினேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறு வருடம் பாய்க்குப் பெரிய ஆர்டர் வந்தது. அதே எஸ்டேட் மிளகு, முன்னைவிட அதிக மூட்டை. கூடவே எங்கள் அலுவலகத்துக்கு அந்த நாட்டுச் சுங்க இலாகாவிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. போன வருடம் நான் வைத்த இணைப்புத் தாளை அங்கே யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒரு பருவத்தில் பதினான்கு ஆட்கள் இவ்வளவு மிளகைப் பறித்து, உதிர்த்து, உலர்த்தி மூட்டை கட்டியது எப்படி என்று கேட்டிருந்தார். வெளியிலிருந்து வாங்கிய மிளகு கலந்திருக்கிறதா என்ற சந்தேகம். இந்த வருடச் சான்றோடு சரியான விளக்கம் வராவிட்டால் சலுகை கிடையாது, ஏற்காட்டிலிருந்து வரும் மற்ற சரக்கையும் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

அந்த மனிதரை நான் கண்டதில்லை. முதலில் அவர்மேல் எரிச்சல் வந்தது. என் தாளின் நகலை நானே எடுத்து மறுபடி படித்தபோது எரிச்சல் போய் மரியாதை வந்தது. சன்னல் வழியாகப் பார்த்த நான் எழுதாததை, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு அவர் கண்டுபிடித்துவிட்டார்.

காலையிலேயே மலையேறினேன். எஸ்டேட் வாசலில் லாரி தார்ப்பாயோடு தயாராக நின்றது. மாலைக்குள் புறப்பட்டால்தான் கப்பலைப் பிடிக்க முடியும் என்று பாய் ஜீப்பிலேயே மூன்று தடவை சொல்லிவிட்டார். வழக்கமான கேலியெல்லாம் அன்று அவரிடம் இல்லை.

ஆபீஸ் படியேறும்போது ஒரு பெண் எழுந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். பழைய சேலைத் துணியில் சுற்றிய குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மா, பொறப்புச் சான்று குடுக்கற ஆபீசரு நீங்கதானுங்களா?"

"ஆமா, நான்தான்."

"எம் புள்ளைக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. பொறந்து நாப்பது நாளாச்சுங்க."

நான் சிரித்துவிட்டேன். பாயும் சிரித்தார். உள்ளேயிருந்து வந்த ரைட்டர்தான் பொறுமையாகச் சொன்னார். "அது புள்ளைக்கு இல்ல கண்ணு. மொளகு எங்க வெளஞ்சுதுன்னு எழுதிக் குடுக்கற சான்று. அம்மா அதுக்குத்தான் சேலத்துல இருந்து வந்திருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. என்னையும் ரைட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொளகுக்குப் பொறப்புச் சான்று உண்டுங்களா? எம் புள்ளைக்குத்தான் இல்லீங்களா?"

அதற்குப் பிறகு எங்களில் யாரும் சிரிக்கவில்லை. கிராம அலுவலகத்தில் கேட்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்டிருக்கிறாள். குழந்தை லைன் வீட்டில் பிறந்தது, பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாததால், அவள் இந்த எஸ்டேட்டில்தான் வசிக்கிறாள் என்று எஸ்டேட்டிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். ரைட்டர் கடிதம் தர முடியாது என்றுவிட்டார். அவள் பெயர் அவரிடம் எதிலும் இல்லை.

"உன் வீட்டுக்காரர் பேர்ல எழுதித் தரலாமே?" என்றேன்.

ரைட்டர்தான் பதில் சொன்னார். அவள் கணவன் மாரிமுத்து தை மாதம் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். சேலம் பெரியாஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருக்கிறான். இனி மரம் ஏற முடியாது. செக்ரோலில் அவன் பெயரை அடித்தாகிவிட்டது. செக்ரோலில் பெயர் இல்லாதவருக்கு லைன் வீடு கிடையாது. மாதக் கடைசியில் அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"காலி பண்ணிட்டு எங்கே போவே?"

"செம்மநத்தத்துல கொழுந்தனாரு ஊடு இருக்குதுங்க. அங்க முன்னாடியே ஒம்பது பேருங்க. படுக்கையில கெடக்கற மனுசனை எங்கீங்க போடறது?" என்றாள். பிறகு, "ஆறு வருசமா இந்தக் களத்துல மெதிக்கறனுங்க. நீங்க போன வருசம் வந்தப்ப டீ கொண்டாந்து வெச்சது நாந்தானுங்க. நெனப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு நினைவில்லை. டீ நினைவிருந்தது, கொண்டுவந்தவள் நினைவில் இல்லை. நம் வேலையில் எல்லோருக்கும் கைவசம் இருக்கும் ஒரு வாக்கியத்தை அவளுக்குச் சொன்னேன். அது என் துறை இல்லையம்மா, தொழிலாளர் துறையில் போய்க் கேள். அவள் சரிங்க என்று திரும்பிக் களத்துக்குப் போனாள். சில்வர் ஓக் கிளையில் கட்டியிருந்த தொட்டிலில் குழந்தையைக் கிடத்திவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

உள்ளே போய் இணைப்புத் தாளை எடுத்தேன். ஆண்கள் இந்த வருடம் பதிமூன்று. மூட்டைகளோ அதிகம். சுங்கக்காரர் கேட்ட அதே கேள்வியை நான் பாயிடம் கேட்டேன். மிளகு விஷயத்தில் அவரைவிட விவரம் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

"பதிமூணு பேரு இவ்வளவும் செய்ய முடியுமா பாய்?"

"அதெப்படிங்கம்மா முடியும்? ஏறிப் பறிக்கவே நாள் பத்தாது. உதுத்து, காயவெச்சு, தூத்தறதுக்குத் தனியாப் பத்துக் கையாச்சும் வேணுமுங்க" என்றவர், சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டார்.

நான் ரைட்டர் பக்கம் திரும்பினேன். "அப்படின்னா வெளியில இருந்து மிளகு வாங்கிச் சேத்திருக்கீங்களா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமி சத்தியமா ஒரு மணி வெளிய வாங்கலீங்க. அத்தனையும் நம்ம கொடியில வெளஞ்சதுங்க."

"யாரு மிதிச்சது, யாரு காயவெச்சது?"

"பொம்பளைங்கதானுங்க. ஒத்தாசைக்கு..."

"ஒத்தாசைன்னு என் தாள்ல ஒரு கட்டம் இல்லீங்க. ஆண் இருக்குது, பெண் இருக்குது. இந்த மிளகு இந்த எஸ்டேட்டோடதுன்னா, அதை மிதிச்ச பொம்பளைங்களும் இந்த எஸ்டேட்டோட ஆளுங்க. அவங்க உங்க ஆளுங்க இல்லைன்னா, இந்த மிளகு உங்களோடதுன்னு நான் எப்படி எழுதறது?"

பேசும்போதே அது எனக்கும் புதிதாக இருந்தது. மலையேறும்போது இப்படிச் சொல்லப்போகிறேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. நான் எஸ்டேட் தொலைபேசியில் என் மேலதிகாரியைக் கூப்பிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். முழுவதும் கேட்டுக்கொண்டு, "பொம்பளை ஆளுங்களைப் பத்தி ஒப்பந்தத்துல ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்லீங்க சார்."

"அப்புறம் என்ன? குடும்பத்தினர் ஒத்துழைப்போட பறிச்சதுன்னு ஒரு வரி எழுதுங்க. அது உண்மைதானே? கேட்டவங்களுக்கும் விளக்கம் போயிரும். சரக்கை நிறுத்தினீங்கன்னா அடுத்த வருஷம் அந்த மிளகை வாங்க ஆள் வராது. அப்ப அந்தப் பொம்பளைங்களுக்கு மிதிக்கவும் ஒண்ணும் இருக்காது. யோசிச்சுச் செய்யுங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதை அலட்சியமாகத் தள்ள முடியாது. அந்த ஒரு வரி பொய்யும் இல்லை, பாய் தப்பிப்பார், கப்பல் கிடைக்கும். நான் கோபத்தில் கையெழுத்துப் போடாமல் கீழே இறங்கிவிடலாம்; அப்படிச் செய்தால் என் கை மட்டும் சுத்தமாக இருக்கும், அந்தப் பெண் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டுதான் போவாள். இந்த இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று தேடினேன். நெருக்கடியில் நமக்கு முன்னால் வைக்கப்படும் வழிகள் எப்போதும் இரண்டாகத்தான் தெரியும். அப்போது கொஞ்சம் மெதுவாக நடக்க வேண்டும். நான் எழுந்து கொடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து மறுபடி தொலைபேசியை எடுத்தேன். "சார், அவங்க சொந்த நிலத்துல சேந்து வேலை செஞ்சா அது குடும்ப உழைப்பு. இது முதலாளியோட நிலம், முதலாளியோட மிளகு. இதுல குடும்ப உழைப்புன்னு எழுதினா அந்தச் சுங்கக்காரரு அதையும் கேப்பாரு. போன வருஷம் தப்பா எழுதினது நான்தான். இந்த வருஷமும் என்னால எழுத முடியாதுங்க."

அவர், "உங்க பொறுப்பு. எழுத்துல குறிப்பு வரும்" என்று வைத்துவிட்டார். சொன்னபடி குறிப்பும் வந்தது. அது என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய் அதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்ததையெல்லாம் இந்த ஆர்டரில் போட்டிருந்த மனிதர். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு லாரி போகலைன்னா நான் நொடிச்சுப் போயிருவனுங்கம்மா. ஆனா தப்பா எழுதி அங்க மாட்டிக்கிட்டா, ஏற்காட்டு மொளகுன்னு சொன்னாலே திருப்பி அனுப்பிப்போடுவாங்க. அப்ப நானும் போச்சு, மலைக்காரங்க மொளகும் போச்சு. போனை இப்படிக் குடுங்க, நான் மொதலாளிகிட்டப் பேசறன்."

முதலாளி சேலத்தில் இருந்தார். பாய் பேசியதை மட்டும்தான் நாங்கள் கேட்டோம். "நானுங்க, காதர்... இல்லீங்க, அம்மா ஒண்ணும் புதுசாக் கேக்கல... மொளகு உங்களுதுன்னு யாருங்க சாட்சி சொல்றது? உங்க ஆளுங்கதானுங்களே சொல்லோணும்... ஆளே இல்லைன்னு எழுதிப்போட்டு மொளகு மட்டும் என்னுதுன்னா எப்படிங்க?" இப்படியே நீண்ட நேரம் போயிற்று. பிறகு ரைட்டர் வாங்கிப் பேசினார், சரிங்க சரிங்க என்றார், வைத்தார்.

"பொம்பளைங்க பேரைச் செக்ரோல்ல ஏத்தச் சொல்லிட்டாருங்க. இன்னைத் தேதி போட்டு ஏத்தச் சொன்னாரு."

இளைய நண்பர்களே, நாம் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவோம். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். தேதி என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் நின்றேன்.

"இன்னைக்குச் சேந்த ஆளு இன்னைக்கு மிதிச்ச மிளகுக்குத்தானே கணக்கு? வெளியே மூட்டையில இருக்கறது பருவம் முழுக்க மிதிச்சது. பறிப்பு என்னைக்கு ஆரம்பிச்சுதோ அன்னையில இருந்து ஏத்துங்க. அப்பத்தான் என்னால சான்று தர முடியும்."

ரைட்டர் மறுபடி சேலத்துக்குப் பேசினார். இந்தத் தடவை சீக்கிரம் முடிந்தது. முதலாளிக்கும் கப்பலின் நேரம் தெரியும்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ரைட்டர் புதுப் பக்கத்தில் கோடு போட்டு, பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"பெரியசாமி ஊட்டுக்காரி, மணி ஊட்டுக்காரின்னுதானுங்க தெரியும். பேரு தெரியலீங்க."

இருபது வருடம். ஒவ்வொருத்தியின் மாமியாரையும் குழந்தைகளையும் அவருக்குத் தெரியும், பெயர் தெரியாது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பதிவேட்டை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு அவரே களத்துக்குப் போனார். பெண்கள் மிதிப்பதை நிறுத்தினார்கள்.

முதலில் யாரும் பெயர் சொல்லவில்லை. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தாள். பெயரைக் கேட்டதும் ஒருத்தி பழக்கத்தில், "பெரியசாமி ஊட்டுங்க" என்றே சொல்லப்போய், கணவன் பெயரை வாயால் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ராமாயி. பழனியம்மா. சின்னக்கண்ணு. ரைட்டர் ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினார்.

கடைசியில் குழந்தைக்காரி நின்றாள். ரைட்டரின் பேனா தயங்கியது. பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொன்னேனே, அது இப்போது இடைஞ்சலாக வந்தது.

"இவ பேறுகாலத்துல இருந்தாளுங்க மேடம். பருவம் முழுக்க வரலீங்களே. நான் எப்படிங்க எழுதறது?"

எந்தக் கேள்வியால் இதெல்லாம் ஆரம்பித்ததோ, அதைக் கேட்டவள் பெயர் மட்டும் விட்டுப்போகப் போகிறது. நான் சொல்லி எழுத வைத்தால் அது இன்னொரு தப்பான கையெழுத்து. அவளே பேசினாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, வலி வந்தது எங்கீங்க? இதே களத்துலதானுங்க. மெதிச்சுக்கிட்டிருக்கறப்பத்தான் வந்துச்சு. பதினேழாம் நாளு திரும்பி வந்துட்டனுங்க. நடுப்புற பதினாறு நாளு வரல, அதை வேணும்னா வரலைன்னே எழுதிக்கங்க."

"ஆமாங்க, நாங்கதானுங்க தூக்கிட்டுப் போனோம்" என்றாள் ராமாயி. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எந்த மூலையில் நின்றிருந்தாள், மிளகு எவ்வளவு மீதி இருந்தது என்றெல்லாம் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உம் பேரு என்ன கண்ணு?"

"அலமேலுங்க."

அவர் அலமேலு என்று எழுதினார். பதினாறு நாட்களுக்கு நேரே வரவில்லை என்று எழுதவில்லை, பேறுகால விடுப்பு என்று எழுதினார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. விடுப்பு என்று எழுதினால் அதற்குரியதை எஸ்டேட் தர வேண்டியிருக்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இணைப்புத் தாளில் பெண்கள் பதினொன்று என்று எழுதி, பெயர்ப் பட்டியலையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். லாரி குப்பனூர் வழியாக இறங்கியது. எவ்வளவு வேகமாகப் போயும் அந்தக் கப்பல் கிடைக்கவில்லை. அடுத்த கப்பலில்தான் சரக்கு போயிற்று. அதனால் பாய்க்கு நஷ்டம்தான், ஆனால் நொடித்துப்போகவில்லை. அந்தச் சுங்கக்காரர் மறு கேள்வி கேட்காமல் சலுகை கொடுத்தார். ஓர் ஒப்பந்தம் அந்த மலைக்குச் செய்தது இவ்வளவுதான். பதினொரு பெண்களின் பெயரை யாரோ கேட்கும்படி செய்தது. அதிகமாகச் சொல்ல நான் தயாரில்லை, குறைத்துச் சொல்லவும் மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து பாய் சேலம் அலுவலகத்துக்கு வந்தார். பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். குழந்தையின் பிறப்புச் சான்றின் நகல். தாயின் பெயர் அலமேலு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் எஸ்டேட் பெயரும் லைன் வீட்டு எண்ணும். அந்த வீடு இப்போது அவள் பெயரில் இருந்தது. மாரிமுத்து உட்கார்ந்தபடி மிளகு பொறுக்கிச் சுத்தம் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறான் என்றார் பாய்.

"அவன் பேரையும் மறுபடி செக்ரோல்ல ஏத்திட்டாங்களா?" என்றேன்.

"இன்னும் இல்லீங்கம்மா. கேட்டா, சம்சாரத்துக்கு ஒத்தாசை பண்றான்னு ரைட்டரு சொல்றாரு" என்று சொல்லிவிட்டு பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மறு வாரமே மலைக்குப் போய் அதையும் கேட்டேன், அது தனிக் கதை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் கோப்பறைக்குப் போய் முதல் வருடத்துத் தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். முடிந்த கோப்பில் திருத்தக் கூடாது என்பது விதி, அதனால் தொடவில்லை. ஆண் பதினான்கு, பெண் இல்லை, கீழே என் கையெழுத்து. 'இல்லை' என்று எழுதியிருக்கும் கட்டத்தின்மேல் பழுப்பாக ஒரு வட்டம் இருந்தது. டீ டம்ளர் வைத்த அடையாளம். அலமேலு அந்த வருடம் அங்கே வேலை செய்தாள் என்பதற்கு நம் அலுவலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான்.